ஜன்னல் வகுப்பு

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போன ஊரில் யாராவது உங்கள்மேல் கோபப்பட்டால் மனம் உடைந்து பஸ் ஏறிவிடாதீர்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்தபடி பதில் சொல்லி, காப்பியும் கொடுத்து அனுப்புகிற ஊரைக் கண்டால்தான் எனக்குப் பயம். அங்கே நாம் விருந்தாளிகள், அவ்வளவுதான். கோபம் வந்துவிட்டதென்றால் அவர்களுடைய விவகாரத்துக்குள் நாம் கால் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். என்மேல் ஒரு குப்பமே கோபப்பட்டது. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் என்னால் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. மீனவக் குப்பங்களில் பெண் குழந்தைகள் ஏன் ஐந்தாம் வகுப்பைக்கூட எட்டுவதில்லை என்பது ஆய்வுத் தலைப்பு. என்னுடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் இம்மானுவேல். படாளத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர். நான் செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அவர் படாளத்திலிருந்து செங்கல்பட்டு வருவார். இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் பிடிப்போம். அங்கிருந்து வடக்கே, திருவிடந்தை போகும் வழியில் இறங்கி, சவுக்குத் தோப்பைக் கடந்து நடந்தால் குப்பம்.

பள்ளிக்கூடம் மண்சுவர் வைத்த ஓலைக் கொட்டகை. ஒரே அறை. மேற்குச் சுவரில் கம்பியில்லாத ஒரு ஜன்னல். ஒரே வாத்தியார். தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து வருபவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் பாடம் நடத்தும்போது மட்டும் தொண்டை கிழியக் கத்துவார். அறையில் இருப்பதோ கொஞ்சம் பையன்கள். எதற்கு இந்தக் கத்தல் என்று இம்மானுவேலும் நானும் பஸ்ஸில் பேசிச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் ஆய்வு ஆரம்பத்திலேயே முட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போய், "உங்க பொண்ணு பள்ளிக்கூடம் போவுதா?" என்று கேட்டோம். எல்லா அம்மாக்களும் சொல்லிவைத்த மாதிரி, "போவுது" என்றார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை'. இம்மானுவேலுக்கு எரிச்சல்.

"யாரோ நம்மகிட்ட பொய் சொல்றாங்க வசந்தா. ஒண்ணு அம்மாங்க, இல்லன்னா வாத்தியார்."

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லலாம், இரண்டு உண்மையும் ஒன்றாக நிற்கிற இடம் ஒன்று எங்காவது இருக்கும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த இடம் பத்தடி தூரத்தில் இருந்தது!

ஒருநாள் காலை, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட நிழல் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போனேன். மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை. பாவாடை கட்டிய பெண் குழந்தைகள், ஒவ்வொருத்தி மடியிலும் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை. உள்ளே வாத்தியார் "நாலெட்டு!" என்று கத்துகிறார். வெளியே இவர்கள் உதட்டை மட்டும் அசைத்து, "முப்பத்திரெண்டு" என்கிறார்கள். ஒருத்தி ஒரு கையால் தம்பியைத் தட்டிக்கொண்டே மறு கை விரலால் மணலில் எழுதுகிறாள். என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தாள்.

"உஸ்! இப்பத்தான் தூங்கறான்."

அவள் பெயர் அஞ்சலை. மீன் விற்கிற செங்கேணியின் மகள்.

நான் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மணலில் செருப்பு கழன்றது, எடுக்கவில்லை. கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ பேட்டி எடுத்துக்கொண்டிருந்த இம்மானுவேலின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் செய்வது பெரிய விஷயம், எனக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை. "பள்ளிக்கு வராத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்காங்க! சுவருக்கு அந்தப் பக்கம்!"

அவரும் வந்து பார்த்தார். மூலையில் நின்று பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கள் தலைப்பே தலைகீழானது. ஏன் படிப்பதில்லை என்று கேட்க வந்தோம். எப்படியெல்லாம் படிக்கிறார்கள் என்று அல்லவா கேட்க வேண்டியிருக்கிறது!

மத்தியானம் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கைக்குழந்தையோட வகுப்புக்குள்ள வரக் கூடாதும்மா. விதி" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "புதன்கிழமை ஸ்கூல் டெபுடி இன்ஸ்பெக்டர் வர்றார். இங்க வருகை குறைச்சல். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலோட இதைச் சேத்துடலாமான்னு பாக்கப் போறார். நீங்க எடுத்த கணக்கையும் கேட்டிருக்கார்."

எங்களிடம் அதுவரை இருந்த கணக்கு என்ன? பதிவேட்டிலிருந்து எடுத்ததுதான். அதைக் கொடுத்தால் பள்ளிக்கூடம் மூடப்படும். மழைக்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் கரைபுரளும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தப் பெண் ஓடமேறிப் போவாள்?

செய்தி எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. திரும்பும்போது கரையிலேயே பெண்கள் எங்களை வளைத்துக்கொண்டார்கள். முன்னால் செங்கேணி, இடுப்பில் காலி மீன்கூடை.

"இன்னா டீச்சரு, எங்க வூட்ல குந்திகினு எங்க கதையெல்லாம் கேட்டுகினு போனியே, ஸ்கூல மூடறதுக்கா?"

"இல்லக்கா, நாங்க..."

"இன்னா இல்ல, நொள்ள? நீ எழுதிகினு போனதத்தான் ஆபீசரு கேக்கறாராம். வாத்தியாரே சொல்றாரு. இன்னாத்துக்குடா இவுங்ககிட்ட வாய தொறந்தோம்னு கீது எங்களுக்கு!"

பின்னாலிருந்து ஒருத்தி, "அந்த காயிதத்தக் குடு, அடுப்புல போடறோம்" என்றாள். யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். இம்மானுவேல் குறுக்கே வந்து நின்றார். "அக்கா, புதன்கிழமைக்குள்ள உங்ககிட்ட வந்து பேசறோம். உங்களுக்குத் தெரியாம ஒரு வார்த்தை வெளிய போவாது. இது நிச்சயம்" என்றார். செங்கேணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாக்கறேன்" என்றாள்.

மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவர் யோசனை எளிமையானது. புதன்கிழமை எல்லாப் பெண்பிள்ளைகளையும் கைக்குழந்தைகளோடு அறைக்குள் உட்காரவைத்துவிடலாம். அதிகாரி வந்தால் அறை நிரம்பியிருக்கும்.

"அது நாடகம்" என்றேன். "ஒருநாள் நிரம்பும். அடுத்த நாள் வந்து பாத்தா? அப்புறம் நம்ம பேச்சையும் நம்பமாட்டாங்க, அந்த அம்மாக்கள் பேச்சையும் நம்பமாட்டாங்க. அதோட நம்ம ஆய்வு என்ன ஆகும்?"

அவர் செருப்பு மணலைத் தட்டிக்கொண்டே, "எங்க அக்கா படிக்கலங்க. என்னத் தூக்கிகினு இருந்துது. எங்க ஸ்கூல்ல ஜன்னல்கூட இல்ல" என்றார்.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியையிடமே கேட்டுவிடலாம் என்றேன்.

தபால் நிலையத்துக்குப் போய் அவருக்கு டிரங்க் கால் போட்டோம், அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பதிவு செய்துதான் பேச முடியும். லைன் கிடைக்கக் காத்திருந்தோம். பக்கத்துப் பட்டறையில் கல் கொத்தும் சத்தம். கடைசியில் லைன் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன அங்க டக் டக்குன்னு சத்தம்?" என்பது. பிறகு சொன்னார்: "அங்க இருக்கிறது நீங்க ரெண்டு பேரும். இங்க உக்காந்துக்கிட்டு நான் முடிவு பண்ணா அது தப்பாத்தான் இருக்கும். நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா எதைச் செஞ்சாலும் ஆய்வேட்டில எழுதிடணும். எழுத வெட்கப்படற காரியமா இருந்தா அதைச் செய்யாதீங்க." மேலே ஏதோ சொல்ல வந்தார், லைன் போய்விட்டது.

நெருக்கடியில் எடுக்கிற முடிவை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. மறுபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்து, இம்மானுவேலின் யோசனையை அதில் உரசிப் பார்த்தோம். 'அதிகாரி வரும் நாளில் மட்டும் பெண்பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தோம்' என்று எழுத முடியுமா? முடியாது. கையைக் கட்டிக்கொண்டு இருந்ததை எழுத முடியுமா? அதுவும் முடியாது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. பஸ் நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்: "பிள்ளைங்கள உள்ள கொண்டுபோக வேணாம்! அதிகாரிய வெளிய கூட்டிக்கிட்டு வருவோம்!"

மறுநாள் குப்பத்துப் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பதிவேட்டில் என்ன இருக்கிறது, நாங்கள் என்ன பார்த்தோம், அதிகாரியிடம் எதைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்று ஒன்று விடாமல். செங்கேணி முழுக்கக் கேட்டாள்.

"பொய் சொல்லமாட்டே. ஆனா அந்தாள இட்டுகினு வந்து செவுத்துக்குப் பின்னால காட்டுவே. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்க்கா."

"செரி, காட்டு."

புதன்கிழமை வந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கடற்கரையில் பெரும் சத்தம். விடியற்காலையில் கரைக்குப் பக்கத்திலேயே நெத்திலி கூட்டம் கூட்டமாக வந்து, பெரிய வலை போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கிற வலை அது. ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லோரும் கயிற்றில். நான் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஓடினேன்.

மேற்குச் சுவரின் நிழலில் ஒருவரும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு பையன்கள். அவர்களும் வாசலையே பார்த்துக்கொண்டு, எப்போது ஓடலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஜீப் சத்தம்.

டெபுடி இன்ஸ்பெக்டர் இறங்கினார். நடுத்தர வயது, வியர்த்த சட்டை, அவசரம் தெரிகிற நடை. அறையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "இதுதான் ஸ்கூலா?" என்றார். வாத்தியார் தலை குனிந்து நின்றார். இம்மானுவேல் என்னைப் பார்த்தார். அவர் மனத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது: அவர் யோசனைப்படி உள்ளே உட்காரவைக்க நினைத்திருந்தால்கூட இன்றைக்கு ஒருத்தியும் இருந்திருக்கமாட்டாள்.

"சார்," என்றேன், "பிள்ளைங்க எல்லாரும் கடற்கரையில இருக்காங்க. அங்க வந்து அவங்ககிட்டயே கேளுங்க."

"நான் ஸ்கூல் பாக்க வந்தேம்மா. மீன் பாக்க வரல."

"நீங்க பாக்க வந்த ஸ்கூல் இன்னிக்கு அங்கதான் சார் இருக்கு."

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது! அவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு ஜீப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வலை அப்போதுதான் கரையேறியிருந்தது. மணல்மேல் வெள்ளிக் குவியல். பெண்கள் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, குழந்தைகளை இடுப்பில் வைத்தபடி பெண்பிள்ளைகள் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நேரே அஞ்சலையிடம் போனார்.

"நீ ஸ்கூலுக்குப் போறியா பாப்பா?"

"போறேன் சார்."

"எந்த கிளாஸ்?"

அஞ்சலை கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல் கிளாஸு."

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. அவர் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார், எனக்குத் தெரியாது.

"போன தடவை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்க கைக்குழந்தைங்களைப் பாத்துட்டு எனக்கு மெமோ குடுத்தாங்க சார். அதிலேருந்து இவங்க வெளிய உக்காந்துக்கறாங்க. நான் ஜன்னல்கிட்ட நின்னு சத்தமா நடத்தறேன். உள்ள இல்லாதவங்களுக்கு ஆஜர் போட எனக்கு அதிகாரம் இல்ல சார். பாடம் நடத்த இருக்கு."

இம்மானுவேலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தொண்டை! அந்தக் கத்தல்!

அதிகாரி குனிந்து, அஞ்சலையிடம் வாத்தியார் கையிலிருந்த பதிவேட்டின் அட்டையைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். அவள் தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். மற்றவர்களும் ஓடி வந்தார்கள். "நானு, நானு சார்!" என்று ஒருத்தி வாய்ப்பாடு சொன்னாள், ஒருத்தி பாட்டு, ஒருத்தி ஈர மணலில் தன் பெயரை எழுதி அவர் காலை இழுத்துக் காட்டினாள். குழந்தைகள் அழ, காக்கைகள் மீனில் இறங்க, அம்மாக்கள் கூடையை வைத்துவிட்டுச் சுற்றி நிற்க, அங்கே ஒரு திருவிழாவே நடந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே ஆய்வு பண்றவங்க? எத்தனை பேர் இப்படிப் படிக்கிறாங்க? இது ரெகுலரா நடக்குதா?"

எல்லோருடைய கண்ணும் என்மேல். செங்கேணி 'சொல்லு' என்று தலையை ஆட்டுகிறாள். பெரிதாக ஓர் எண்ணைச் சொன்னால் போதும், அந்த நிமிஷத்தில் அவர் நம்பியிருப்பார். ஆனால் நான் அவர்களைப் பார்த்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"எண்ணிக்கை இன்னும் எடுக்கல சார். பதிவேட்டுக் கணக்கு மட்டும்தான் இருக்கு, அது முழுசா உண்மையில்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நாங்க சுவருக்குப் பின்னால போய்ப் பாத்த நாள்லயெல்லாம் இவங்க உக்காந்திருந்தாங்க. அதுக்கு மேல சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. டைம் குடுத்தா எடுத்துத் தர்றோம்."

"அய்யய்ய! இதுக்காடி உன்ன நம்புனோம்?" என்று செங்கேணி தலையில் அடித்துக்கொண்டாள். என்னை ஒதுக்கிவிட்டு அவளே முன்னால் வந்தாள்.

"சார், நான் சொல்றேன் கேளு. காலையில கட்டுமரம் கரைக்கு வந்தா நாங்க கூடைய எடுத்துகினு ஓடணும். இல்லன்னா மீனு நாறிப்பூடும். கைப்புள்ளைய யாருகிட்ட வுட்டுட்டு போறது? மூத்த பொண்ணுகிட்டதான். அத வுட்டா யாரு கீறாங்க? அதுங்க படிக்கணும்னுதான் செவுத்தாண்ட குந்த வெக்கிறோம். நீ ஸ்கூல கால்வாய்க்கு அந்தாண்ட தூக்கினு பூட்டா, செவுரும் இல்ல, ஜன்னலும் இல்ல."

அதிகாரி என்னிடம், "எண் தெரியாதுன்னு சொன்னீங்களே, அதனாலதான் மத்ததையும் நம்பறேன். மழைக்காலம் முடியற வரைக்கும் இதை நான் மேல அனுப்பல. அதுக்குள்ள கணக்கு எடுத்துக் குடுங்க" என்றார். வாத்தியாரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கைக்குழந்தை வகுப்பறைக்குள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கு. கூரைக்குக் கீழ வரக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

செங்கேணிக்கு அது முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தாள் பாருங்கள்! கூடை நிறைய நெத்திலியை ஜீப்பில் வைக்கப் போனாள். அவர் வேண்டாம் வேண்டாமென்று வண்டியைக் கிளப்பினார்.

கணக்கெடுத்தோம். தினமும், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல். அதிகாரி கேட்ட காலத்துக்குள் கொடுத்தோம். பள்ளிக்கூடம் அங்கேயே இருந்தது. ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயத்தில் பஸ் நிறுத்தச் சண்டையிலிருந்து டிரங்க் கால் வரை எல்லாவற்றையும் எழுதினோம். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத் தட்டிக்காட்டி, "இது ஆராய்ச்சியா, சமூக சேவையா? நீங்க ஆய்வு செஞ்ச இடத்தையே மாத்திட்டீங்களே" என்றார். இம்மானுவேல் எழுந்து, "நாங்க மாத்தல சார். எங்க பாக்கணும்னு மட்டும் காட்டினோம். என்ன செஞ்சோமோ அத்தனையும் அதுல இருக்கு. தப்புன்னா அதை வெச்சே எங்களத் திருத்தலாம்" என்றார். எங்கள் பேராசிரியை மேஜைக்கு அந்தப் பக்கம் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு காலையை நாங்கள் பார்த்துவிட்டோம்.

அதிகாரி வந்து போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்து ஆண்கள் கடலுக்குப் போகவில்லை. சவுக்குக் கழிகளை நட்டு, மேற்குப் பக்கம் கூரையை இறக்கிப் போட்டார்கள். பனையோலை வேய்ந்தார்கள். அதன்பிறகு நடுவில் நின்ற சுவரைக் கடப்பாரையால் இடித்தார்கள், ஜன்னலோடு சேர்த்து. திங்கட்கிழமை நாங்கள் போனபோது புது ஓலை வாசனை. அந்தப் பகுதியில் சாணம் மெழுகிய தரையில் பழைய பாய்மரத் துணி விரித்திருந்தது. கைக்குழந்தைகள் அதன்மேல் உருண்டுகொண்டிருந்தன. அவர்களுக்கு முன்னால் அக்காக்கள் வரிசையாக, சிலேட்டோடு.

வாத்தியார் பதிவேட்டைப் பிரித்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. கத்தத் தேவையில்லை. மெதுவாக, "அஞ்சலை" என்றார்.

அவள் தம்பியை இடுப்பில் வைத்தபடியே துள்ளி எழுந்தாள். இத்தனை நாளும் வெளியே உதட்டை மட்டும் அசைத்துப் பழகியவள், கடற்கரை வரை கேட்கும்படி கத்தினாள்:

"உள்ளேன் ஐயா!"